ஒரு பெட்டி, இரண்டு பூட்டு, மூன்று மிஃப்தாஹ்

என் மகளின் கல்யாணத்தன்று எங்கள் மின்சாரத்தை இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பூட்டி வைத்தன. அதுதான் நடந்த அநியாயம். ஸலாம் சொல்வதற்கு முன்பே வழக்கைச் சொல்லிவிட்டேன். காரணம், நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் "நேரம் முடிந்தது ஹாஜி" என்று துண்டுச் சீட்டு நீட்டுவது இந்த மேடையின் வழக்கம். போன கூட்டத்தில் நீட்டினார்கள். அதற்கு முந்தைய கூட்டத்திலும் நீட்டினார்கள். இன்று நீட்டினால் அதை மடித்துப் பல் குத்திக்கொள்வேன். இனி ஸலாம்.

அண்டை நாடுகளின் சூரிய மின்சாரக் கூட்டுக்குழுவுக்குத் தலைமை ஏற்று, அறிவாலும் அகலத்தாலும் அந்த நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஷக்ரூன் அவர்களே! எல்லை தாண்டி வந்திருக்கும் எங்கள் சம்பந்திகளே, தல்ஹாத் ஊர்ப் பெருமக்களே! எங்கள் பக்கத்துச் சாவியைக் கழுத்தில் மாட்டி, மாட்டிய நாள் முதல் கழுத்து நிமிர்ந்தே போன ஸி லஸ்ஹர் அவர்களே! அந்தப் பக்கத்துச் சாவிக்கு அதிபதியான பொறியாளர் ஃபைத்தூரி அவர்களே! என்னைவிட வயதில் மூத்த பெரியோர்களே, அப்படி யாரும் இங்கே இல்லை, இருந்தாலும் மரியாதைக்குச் சொல்கிறேன்! பந்தலின் அந்தப் பக்கம் அமர்ந்து, நான் எந்தச் சொல்லில் இடறி விழுவேன் என்று காத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூன்று மிஃப்தாஹ்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். எனக்குப் பின்னால் இருமிக்கொண்டிருக்கும் டீசல் ஜெனரேட்டர் மீது மட்டும் உண்டாக வேண்டாம்.

என்ன? காது கேட்கவில்லையா? நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை, தம்பி! இந்த இருமல்காரன்தான் குழு நமக்குக் கொண்டுவந்திருக்கும் சமாதானப் பரிசு. ஊருக்கு ஒன்று. இன்று நாம் தலையாட்டினால் நாளை இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடும் கம்பியை அறுப்பார்கள். "ஒத்துழைப்பு தோற்றுவிட்டது" என்று எழுதியே வைத்துவிட்டார்கள். தோற்றது எது என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். சொல்லாமல் உட்காரமாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. பழைய லாரி பேட்டரிகளின் முதுகைப் பார்த்து எழுத்துக் கற்றவன். வாழ்க்கையில் முதன்முதலாக நான் எழுத்துக்கூட்டிப் படித்த வாக்கியம், "கவிழ்த்து வைக்காதே." அன்றிலிருந்து இன்றுவரை என்னை யாரும் கவிழ்த்ததில்லை. இந்தக் குழுவும் கவிழ்க்காது.

நம் பீர் ரும்மான், துனிசியாவின் கடைசி ஊர். தல்ஹாத், லிபியாவின் முதல் ஊர். சோலார் பலகைகள் நம் பக்கம். பேட்டரிகள் அவர்கள் பக்கம். பகலெல்லாம் நம் வெயில் அங்கே போகும். பொழுது சாய்ந்ததும் அவர்கள் சேர்த்து வைத்தது இங்கே வரும். பகல் எங்களுடையது, இரவு அவர்களுடையது. ஒருவரை விட்டால் ஒருவருக்கு வெளிச்சமில்லை. என்ன அழகு! என்ன அறிவு! என்ன ஆனந்தம்! பிறகு அந்த அழகுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

எங்கே உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? கடற்கரை ஹோட்டலில், வறுத்த மீனுக்கு முன்னால். "இரு நாடுகளுக்கும் நடுவில் நம்பிக்கை வேண்டும்" என்றார் ஒருவர். "அப்படியானால் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்" என்றார் இன்னொருவர். "ஒரு பூட்டு போதுமா?" என்று கேட்டார் மூன்றாமவர். பதவி உயர்வு அந்த மூன்றாமவருக்குத்தான் கிடைத்தது. ஒரு பெட்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி நம்மிடம், மறு சாவி அவர்களிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் பெட்டி வாய் திறக்கும்.

மீன் தின்றவர்கள் கிழமையை எண்ணினார்களா? எண்ணவில்லை! லிபியாவுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. நமக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. வெள்ளியன்று அவர்கள் இல்லை. சனியன்று யாருமே இல்லை. ஞாயிறன்று நாம் இல்லை. இந்த நாட்களுக்கு நம் தாய்மார்கள் ஒரு பெயர் வைத்தார்கள், "செவிட்டு நாட்கள்" என்று. கூப்பிட்டால் எந்த அரசாங்கத்துக்கும் காது கேட்காது. நான் கேட்கிறேன்: சூரியனுக்கு வெள்ளிக்கிழமை உண்டா? காற்றுக்குச் சனிக்கிழமை உண்டா? மணல் என்றாவது, "இன்று ஞாயிறு, நான் வீட்டில் படுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறதா?

என் மகள் ஸல்ஹாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை தல்ஹாத் வனீஸ். வியாழக்கிழமை காலை ஒட்டகம் அறுத்து, இறைச்சியை இரண்டு ஊருக்கும் பொதுவான குளிர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மாலை நாலு மணிக்கு கிப்லிக் காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. டக்! சுவிட்சு விழுந்தது. ஆபத்து வந்தால் விழுவது சுவிட்சின் கடமை. தூக்கி நிறுத்துவது மனிதனின் கடமை. ஸி லஸ்ஹரிடம் ஓடினேன்.

"லஸ்ஹர், பெட்டியத் தொறப்பா. ஒட்டகம் உள்ள கெடக்கு."

"என் பூட்ட எப்பவோ தொறந்துட்டேன் ஹாஜி. அவங்க பூட்டுல்ல தொங்குது?"

"கூப்புடு அவங்கள."

"இங்க நாலுன்னா அங்க அஞ்சு. ஆபீஸ பூட்டிட்டுப் போயிருப்பாங்க. நாளைக்கு அவங்களுக்கு லீவு."

"சனிக்கெழம?"

"அன்னிக்கு எனக்கே லீவு ஹாஜி. கோவிச்சுக்காதீங்க."

"அப்ப நீயே போயி ஒட்டகத்துக்கிட்ட சொல்லு, திங்கக்கெழம வரைக்கும் கெட்டுப்போவாம இருன்னு!"

பாவம், லஸ்ஹரும் சும்மா இருக்கவில்லை. தல்ஹாத் பேட்டரிக் கிடங்கின் காவல்காரருக்கு ஃபோன் போட்டார். இங்கேதான் விதி விளையாடியது. நம் பேச்சில் சாவிக்கு என்ன பெயர்? மிஃப்தாஹ். தல்ஹாத்தில் பாதி ஆண்களுக்கு என்ன பெயர்? அதே மிஃப்தாஹ்! காற்று பாதிச் சொல்லைத் தின்றுவிட, மீதிச் சொல் போய்ச் சேர்ந்தது: "அவசரம், மிஃப்தாஹ அனுப்புங்க!"

வெள்ளிக்கிழமை காலை. வெள்ளை உடுப்பு, தலையில் சிவப்புத் தொப்பி, கையில் பேரீச்சம்பழக் கூடை. ஒரு மனிதர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஹாஜி! அவசரமா கூப்புட்டீங்களாமே. ரொட்டி அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்."

"மிஃப்தாஹ் எங்கப்பா?"

"கட்டிப்புடிச்சிருக்கீங்களே ஹாஜி, அது யாரு?"

அவர்தான் ரொட்டிக்கடை மிஃப்தாஹ். முன்வரிசையில் முதலாவது. எழுந்து நில்லுங்கள், மக்கள் பார்க்கட்டும்! லஸ்ஹர் மறுபடி ஃபோனில் கத்தினார்: "ஆள் இல்லய்யா! இரும்பு! இரும்பு மிஃப்தாஹ்!" தல்ஹாத்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கொல்லருக்கு ஊரே வைத்த பட்டப்பெயர் இரும்பு மிஃப்தாஹ். வண்டியில் வந்து இறங்கினார், தோளில் சம்மட்டியோடு.

"எத ஒடைக்கணும்?"

கேட்டதும் லஸ்ஹர் பெட்டியின் மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார். "அரசாங்க முத்திர! கைய வச்சீன்னா ரெண்டு நாட்டு ஜெயிலுக்கும் போவ!"

"ரெண்டுலயும் ஒரே நேரத்துல எப்படிண்ணே போறது?" என்று கொல்லர் பணிவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. குழு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

மூன்றாவது முறை நானே ஃபோனைப் பிடுங்கினேன். தெளிவாகப் பேசினேன். "சின்னதுப்பா! சின்ன மிஃப்தாஹ்! பெட்டி தொறக்குறது!" ஆமாம், சிரிக்கிறீர்கள். வந்தவர் யார்? எல்லைச் சாவடியில் போகிறவர் வருகிறவர் பெட்டியையெல்லாம் திறந்து பார்க்கும் சுங்கக்காரர், சின்ன மிஃப்தாஹ்! விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்து, "எந்தப் பெட்டி, யாரு கடத்துனா?" என்றார்.

நண்பகல் ஆகிவிட்டது. சாவி ஒன்றுகூட வரவில்லை, மிஃப்தாஹ் மூன்று வந்துவிட்டது. குளிர் அறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுவர் எனக்குக் காய்ச்சல் என்றது. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்: கல்யாணம் இன்றைக்கே.

"அப்பா, எனக்கு மருதாணியே காயல!" என்றாள் ஸல்ஹா.

"ஒட்டகம் காத்திருக்காதும்மா."

"மாப்பிள்ளை காத்திருப்பாரு, ஒட்டகம் காத்திருக்காது. அப்ப எனக்கு நாள் குறிச்சது நீங்க இல்ல, ஒட்டகம்."

ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு மாப்பிள்ளை வந்தார். சும்மா வரவில்லை, பாதி தாடியோடு வந்தார். வியாழன் மாலை முடிதிருத்துபவர் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அங்கேயும் மின்சாரம் போயிருக்கிறது. கத்தியால் மழிக்கச் சொன்னால், மாப்பிள்ளைக்குக் கத்தி என்றால் பயம். இந்தப் பக்கம் இருபது வயது, அந்தப் பக்கம் நாற்பது வயது. சம்மதம் கேட்கப் போனபோது என் மகள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துக்கு நான் சம்மதம் சொல்லணும்?" என்றாள். தாய்மார்கள் விட்ட குலவையில் பாதி சிரிப்பு. அவள் கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் சம்மதித்தாள்.

ஐயா பேராசிரியரே! அவள் செய்ததைத்தான் உங்கள் குழுவும் செய்ய வேண்டும் என்கிறேன்.

விறகு அடுப்பில் கூஸ்கூஸ் வெந்தது. ஒட்டகம் கெடுவதற்குள் தீர்ந்தது. ஒரே மரத்தட்டைச் சுற்றி மூன்று மிஃப்தாஹும் உட்கார்ந்தார்கள். நாலாவதாக யார் உட்கார்ந்தது தெரியுமா? பெட்டி மேல் படுத்திருந்த ஸி லஸ்ஹர்! இரும்பு மிஃப்தாஹ் தன் கையால் நல்ல துண்டமாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினார். மறைக்காதீர்கள் லஸ்ஹர், நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை பொறியாளர் ஃபைத்தூரி சாவியோடு வந்தார். இரண்டு பூட்டும் திறந்தன. உள்ளே ஒரு கைப்பிடி. விரலால் தூக்கினார். டக். அவ்வளவுதான்! குனிந்து பார்த்த கொல்லர் கேட்டார்: "இதுக்கா என் சம்மட்டிய தூக்கிட்டு வந்தேன்?"

இப்போது சொல்லுங்கள், தோற்றது எது? எரியும் அடுப்பை விட்டு ரொட்டிக்காரர் வந்தார். சம்மட்டியோடு கொல்லர் வந்தார். விடுமுறையை விட்டுச் சுங்கக்காரர் வந்தார். பாதி முகத்தோடு மாப்பிள்ளை வந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஊரே வந்தது. வராதது எது? ஒரு துண்டு இரும்பு! கம்பி தோற்றதா? இல்லை! வெயில் தோற்றதா? இல்லை! பூட்டு தோற்றது! ஒத்துழைப்பு தோற்கவில்லை ஐயா. ஒத்துழைப்பு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனது!

இதற்குத் தண்டனையாகக் கம்பியை அறுத்துவிட்டு ஜெனரேட்டர் தருவீர்களா? அதற்கு டீசல் எந்தக் கள்ள வழியாக எல்லை தாண்டி வரும்? சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள்! சுங்கக்காரர் முன்வரிசையில் இருக்கிறார்.

போன வாரம் தல்ஹாத்திலிருந்து ஸல்ஹா ஃபோனில் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, வெளக்கு போட்டா ஒங்க வெயிலு வந்துருதுப்பா. நம்ம வீட்டு முற்றத்துல நின்ன மாதிரியே இருக்கு." நான் ஏழை. மகளுக்குப் பிறந்த வீட்டுச் சீராகத் தினமும் என்னால் அனுப்ப முடிந்தது அந்த வெயில் ஒன்றுதான். நாளை அதை அறுத்தால் எதை அனுப்புவேன்? புகையையா? மகளைக் கொடுத்த இடத்தில் நான் பூட்டுப் போடவில்லை. மின்சாரம் கொடுத்த இடத்தில் நீங்கள் ஏன் போட்டீர்கள்?

ஆ! என்ன ஆயிற்று? மைக் செத்துவிட்டது. ஓ, பின்னால் இருமல் நின்றுவிட்டது! டீசல் தீர்ந்துவிட்டதாம்! நான் எதுவும் செய்யவில்லை ஐயா, என் இரண்டு கையும் மேடையில்தான் இருக்கின்றன. பரவாயில்லை. ஒட்டகம் மேய்த்த தொண்டை இது. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறது! நல்லது.

அவர்கள் தூங்கும் வெள்ளியில் நாம் விழித்திருக்கிறோம். நாம் தூங்கும் ஞாயிறில் அவர்கள் விழித்திருக்கிறார்கள். கிழமை வேறாக இருப்பது சாபமா? இல்லை! ஒரு விளக்கை மாற்றி மாற்றிக் காவல் காக்க ஆண்டவன் அமைத்த முறை! அண்டை வீட்டுக்காரன் எதற்கு இருக்கிறான்? நான் தூங்கும்போது விழித்திருக்கத்தான்! ஆகவே, செய்ய வேண்டியது என்ன, செய்ய வேண்டியவர் யார் என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

"ஒத்துழைப்பு தோற்றது" என்ற தாளைக் கிழிக்க வேண்டியவர், பேராசிரியர் ஷக்ரூன். இப்போதே, இந்த மேடையிலேயே.

இரண்டு பூட்டுக்கும் மாற்றுச் சாவி செய்ய வேண்டியவர், இரும்பு மிஃப்தாஹ். இரண்டு சாவியும் இரண்டு ஊரிலும் இருக்க வேண்டும்.

அவற்றை எல்லை தாண்டி எடுத்துப் போகும்போது பெட்டியைத் திறந்து பார்க்காமல் விட வேண்டியவர், சின்ன மிஃப்தாஹ்.

வெள்ளிக்கிழமை சுவிட்சு விழுந்தால் தூக்க வேண்டியவர், ஸி லஸ்ஹர். ஞாயிற்றுக்கிழமை விழுந்தால், பொறியாளர் ஃபைத்தூரி.

ஃபோனில் "சாவி" என்று கேட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியவர், ரொட்டிக்கடை மிஃப்தாஹ். ரொட்டி கருகுகிறது.

யாருமில்லாத சனிக்கிழமைக்கு நான் இருக்கிறேன். எனக்கு உத்தியோகம் இருந்ததில்லை, ஆகவே விடுமுறையும் இருந்ததில்லை. யாரது, பந்தலுக்கு அந்தப் பக்கம், "சனிக்கெழம முழுக்கத் தூங்குற ஆளாச்சே" என்பது? என் மனைவியின் குரல். சரி, என்னை எழுப்ப வேண்டியவள், அவள்.

அந்தப் பக்கத்துச் சனிக்கிழமைக்கு என் மகள் ஸல்ஹா. கல்யாண அவசரத்தில் அவளுக்கு நான் பரிசு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தச் சாவியைக் கொடுக்கிறேன்.

கைதட்ட வேண்டியவர்கள் நீங்கள். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான். சொல்லிவிட்டேன். எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். இந்த முறை அந்த ஜெனரேட்டர் மீதும் உண்டாகட்டும். காலமானவர்களைப் பற்றி நான் தப்பாகப் பேசுவதில்லை.