நடுக்கம் நிற்கும்வரை

வாமதேவன் ஐயாவுக்குப் பாண் துண்டின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியே இருந்தார். காலையும் மாலையும் போய் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான்கு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம், ஒபிசர்.

குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. லூயிஷாமில் நான் முன்பு பார்த்துக்கொண்ட ஞானேஸ்வரன் அண்ணையின் வீட்டுக்குச் சனி ஞாயிறு யாரும் போவதில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தவள் நான். சமையலறைத் தரையில் விறைத்துக் கிடந்தார். என் பொறுப்பில் உள்ள இன்னொருவர் அப்படிச் சாகக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அதற்கு முதியோர் இல்லம்தான் வழி. அங்கே எந்நேரமும் சூடு இருக்கும். ஐயாவிடம் எத்தனையோ தரம் சொன்னேன்.

"நான் என்ரை வீட்டிலைதான் இருப்பன், பெனிற்றா. அங்கை போய் ஆரோடை கதைக்கிறது?" என்பார்.

கவுன்சிலில் இருந்து வந்த பெண்ணிடமும் சொன்னேன். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, அவர் விருப்பப்படிதான் நடக்கும் என்றாள். ஆனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் எல்லோரும் வேறு மாதிரி யோசிப்பார்கள். நான் பார்த்துக்கொண்ட கமலாம்பிகை அக்காவின் விஷயத்தில் அதைக் கண்டேன். போன மாசி மாதம் ஒரு மாலை அவருடைய ஹீற்றரை நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் அம்புலன்ஸ். மூன்று கிழமை ஆஸ்பத்திரி. பிறகு குரோய்டனில் ஓர் இல்லம். இப்போது யாரோடும் பேசுவதில்லை. ஆனால் சூடாக இருக்கிறார்.

இந்தத் தை மாதம் கடுங்குளிர் எச்சரிக்கை வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐயாவுக்கு சூப் பருக்கி, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றினேன். கழுத்தில் கிடந்த அவசரப் பொத்தானைத் துடைக்கும்போது கழற்றியவள் திரும்ப மாட்டவில்லை. போனைத் தூர மேசையில் வைத்தேன். கனத்த போர்வையைக் கழுவக் கொண்டுபோவதாகச் சொன்னேன். வீட்டைச் சூடாக்கும் பொயிலரை நிறுத்தினேன். கதவைக் கவனமாகப் பூட்டினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு, வழக்கம்போலப் போனேன். அறைக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. கட்டில் சத்தமிடும் அளவுக்கு நடுங்கினார்.

"பிள்ளை, ஹீற்றர் வேலை செய்யேல்லை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தனான்."

"ஓம் ஐயா. ஆக்கள் வருகினம்."

நான் யாரையும் அழைத்திருக்கவில்லை. எங்களுக்குத் தந்த பயிற்சியில் இது இருக்கிறது. நடுங்குகிறவரின் உடம்பில் இன்னும் பலம் இருக்கிறது, நடுக்கம் நின்றால்தான் ஆபத்து. அப்போதே அழைத்திருந்தால் போர்வை சுற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த குளிருக்கு அவர் மறுபடி தனியே கிடப்பார். ஆகவே கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?" என்று ஒன்பது மணிபோலக் கேட்டார்.

"இப்ப வந்திடுவினம்."

பிறகு சொற்கள் குழறின. "தர்மி, கதவைச் சாத்து" என்றார். தர்மிகா கனடாவில் இருக்கும் மகள். "ஓம் அப்பா" என்றேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

பத்து மணிக்குச் சற்று முன்பு நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்சம் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு அம்புலன்ஸுக்கு அடித்தேன். அவர்கள் விரைவாகத்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன் ஐயா போய்விட்டார்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிறேன். எல்லாம் சரி. ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். இயலாத மனிதரைக் குளிரில் தனியே விட்டேன் என்று போட்டிருக்கிறீர்கள். நான் விடவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.