ஒரு ரிங்கு

எண்ணூரிலிருந்து வந்த ரயிலில் எதிர் சீட்டில் இருந்த இருவரின் பேச்சு என்னை நிமிர வைத்தது.

"செத்தா சொல்லாது மாமு. சொல்லலன்னா செத்துச்சுன்னு அர்த்தம்."

"எது?"

"ஏஜென்ட்டு. ஆபீஸ்ல ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் கீற குட்டி புரோகிராமு. கம்ப்யூட்டர் எப்டி ஓடுதுன்னு அளந்து, எல்லாத்தையும் பாத்துக்கற சர்வருக்கு அனுப்பும். இன்னா அளக்கணும்னு சர்வர் சொல்றது பாலிசி. அளக்க ஒண்ணுமில்லன்னாலும் நிமிஷத்துக்கு ஒருவாட்டி 'கீறேன்'னு சொல்றது ஹார்ட்பீட்."

மற்றவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சண்ட போட்டுகினு சடையங்குப்பத்துக்கு அம்மா வூட்டுக்குப் போன என் பொண்டாட்டி அந்த மாதிரி 'கீறேன்'னாவது சொல்லலாம், நைனா. இருபது நாளாச்சு."

"நீ சொன்னியா?"

"போன எடுக்க மாட்டா."

"எடுக்க வோணாம். நீ இன்னா சர்வரா, குந்திகினு கேக்க? நீதான் ஏஜென்ட்டு. தெனம் ஆறு மணிக்கு மிஸ்டு கால் குடு."

ராயபுரத்தில் இறங்கும்போது செல்போன் அந்த மற்றவரின் கையில் இருந்தது. மணி ஆறாக ஐந்து நிமிடம்.

"ஒரே ரிங்கு. கட் பண்ணிடுவேன்."