சத்தம் கேட்டா மான் வராதாமே!

…அதாங்கண்ணே கேக்கறேன், இந்த மானுங்களுக்குப் பயிர் வெச்சுப் பரிமாறவா நாங்க கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தோம்? நீங்களே சொல்லுங்க! பாத்து, பாத்து ஏறுங்க, அந்த மேக்குச்சி ஆடும். பரண நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! துப்பாக்கிய அப்படிச் சாச்சுக்குங்க. அய்யய்யோ, என் பக்கம் திருப்பாதீங்கண்ணே! ம்… இப்ப சரி.

என்ன, வாயில வெரல வெக்கறீங்க? ஓ… பேசக்கூடாதா? சத்தம் கேட்டா மான் வராதா? சரிங்க. எனக்கென்ன பேசியே தீரணும்னு வேண்டுதலா? வாயவே தொறக்கல, போதுமா?

…

இல்ல, எடம் தெரியாம நீங்க எப்படிச் சுடுவீங்க? அதுக்குத்தான் சொல்றேன். அந்தா படாக்கு மரத்து அடிக்கட்ட தெரியுதுல்ல, அதுக்கு இந்தாண்ட கத்திரி, அந்தாண்ட வெண்டை, காட்டோரமா தட்டப்பயறு. அந்த அடிக்கட்டைய எங்களால இன்னிக்கு வரைக்கும் பேக்க முடியலண்ணே. மத்ததெல்லாம் நாங்களே வெட்டுனது. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கையெல்லாம் காப்பு காச்சுப் போச்சு, பாருங்க.

மொதல்ல இவரு மரம் அறுக்கற சாத்தம் மில்லுலதான் இருந்தாரு. சங்கு ஊதுனா எந்திரி, சங்கு ஊதுனா தின்னு. திடீர்னு ஒரு நாளு, “ஏ பொன்னம்மா, சங்குக்குப் பொழச்சது போதும்டி, நம்ம காய நாம வெளைவிச்சு நாம விப்போம், எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க வேணாம்”னாரு. சர்க்காரு குடுத்த காட்டுக்கு வந்துட்டோம். நல்லாத்தாண்ணே இருந்துச்சு! எங்க பீர்க்கங்காய் சாத்தம் படகுத்துறையில எறங்கறதுக்குள்ள கைய விட்டுப் பொறுக்கிடுவாங்க. அம்புட்டு ருசி. இந்த மான் மட்டும் இல்லன்னா நாங்க ராஜாதான்.

எவனோ வெள்ளக்காரத் தொர, பாக்க அழகா இருக்கும்னு கொண்டாந்து விட்டுட்டுப் போனானாமே? அவனுக்கென்ன, பாத்துட்டுக் கப்பலேறிட்டான். புலியா இருக்கு, சிறுத்தையா இருக்கு இங்க? பெருகிப் பெருகி… பக்கத்து நெலத்துப் பெங்காலிக்காரரு பிஸ்வாஸ் இருக்காருல்ல, அவரு மான “ஹிரன்”னு சொல்லும்போதே பல்லக் கடிப்பாரு. நாங்க என்னதான் பண்ணல? டிங்கிப் படகு வெச்சிருக்கற லூர்துநாதன்கிட்ட பழைய மீன்வல கேட்டு வாங்கி, சுத்திக் கட்டுனோம். கொம்புல மாட்டி வலையோட இழுத்துக்கிட்டு ஓடிப் போச்சு ஒண்ணு. லூர்து இன்னிக்கும் வலையக் கேக்கறாரு. காட்டுக்குள்ள போயி மானக் கேளுங்கன்னுட்டேன். சரின்னு இவரோட மில்லு சட்டையப் போட்டு ஒரு சோளக்கொல்ல பொம்ம நிறுத்துனோம். சட்டைக்குள்ள வெச்ச வைக்கோலத் தின்னுட்டு, சட்டையில பொத்தான மட்டும் மிச்சம் வெச்சிருந்துச்சுங்க!

ஷ்… என்ன சத்தமா? எங்க? அடுப்பங்கரையிலயா?

அது எங்க ருக்குங்க. ஒடம்பு சரியில்ல, படுன்னா படுக்கறதில்ல. ஜல்ஜல்லுங்குதா? கொலுசு கொலுசு. அவ நடந்தாலே அப்படித்தான். ஏ ருக்கு! சும்மா கெடடி! வந்தேன்னா தோல உரிச்சுருவேன்! …அய்யோ, கத்திட்டேனா? மன்னிச்சுக்குங்கண்ணே. செல்லங்குடுத்து வளத்ததுல்ல, அதான் பேச்சக் கேக்காது. எனக்கும் வேற யாரு இருக்கா சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், பொத்தான். போன போகம் பூராவும் மான் வாயில போச்சு. இந்தப் போகமும் போச்சுன்னா நெலத்த ஒப்படைச்சுட்டு மறுபடி மில்லுக்கே போயிடறேன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. சாப்பிடாம ஒக்காந்துக்கிட்டு சொல்றாருண்ணே. அந்த மனுசன் மறுபடி சங்குச் சத்தத்துக்கு ஓடறதப் பாக்கவா நான் கையில காப்புக் காச்சேன்? அதுக்குத்தான் உங்க ஊரு டெய்ரி ஃபார்ம் வரைக்கும் வந்து உங்களக் கூப்பிட்டாரு. ராஜமாணிக்கம் வந்தாருன்னா குறி தப்பாதுன்னு ஊரே சொல்லுது. சுடுங்க. நல்லாச் சுடுங்க. ஆனா மானத்தான் காணோம், பாத்தீங்களா? மத்த நாளெல்லாம் இந்நேரம் ஊர்வலமா வரும்!

என்னது? எதை மொதல்ல சுடச் சொன்னாரு?

…மணி கட்டுன மானா? அப்படியா சொன்னாரு? அதுதான் முன்னாடி வருது, அதச் சுட்டா மத்தது வராதுன்னா? எங்க வீட்டுக்காரரு வாயாலயா சொன்னாரு? மூஞ்சி எப்படி இருந்துச்சுண்ணே சொல்லும்போது? …தரையப் பாத்துக்கிட்டா. ம்ம்.

மானுக்கு யாருங்க மணி கட்டுவா? எவளாச்சும் பைத்தியக்காரிதான் கட்டியிருப்பா! நான் அப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல. இவருக்குக் கண்ணு சரியில்லண்ணே. மில்லுல மரத்தூள் பட்டுப்பட்டு… அந்தா! அந்தா ஒண்ணு எட்டிப் பாக்குது! பயத்தங்கொல்லப் பக்கம்! அண்ணே, பாருங்க, பாருங்கண்ணே! …அடச்சே, ஓடிப் போச்சே. ஏண்ணே விட்டுட்டீங்க? நானா? நான் என்ன பண்ணேன்? காட்டத்தானே செஞ்சேன்!

எறங்கறீங்களா? என்னண்ணே, இப்பத்தானே வந்தீங்க! ஆமா, கடைசி போட்டு இருக்கே. பம்பூஃப்ளாட்டுத் துறைக்கு நடக்கணும். இங்கதான் அஞ்சு மணிக்கே பொழுது எறங்கிடுதே. அந்தக் குச்சி, அந்தக் குச்சி! ரெண்டு பீர்க்கங்காயாச்சும் எடுத்துக்கிட்டுப் போங்க. என்ன முணுமுணுக்கறீங்க? அய்ய, நான் எங்கண்ணே பேசுனேன்! நாளைக்கு வருவீங்களா? …ஒரு கும்புடா? யாருக்கு, எனக்கா? சரிங்கண்ணே, வீட்டுல அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்க!

…

போய்ட்டாருடி. இரு, கட்ட அவுக்கறேன், வெளிய வா.

சனியனே, தொண்ட கட்டிப் போச்சு உன்னால! மத்தியானத்துலேர்ந்து வாய் மூடல நான். நாக்கு தடிச்சுப் போச்சு. உன்னையக் கட்டிப் போட்டு, மணிக்குள்ள துணிய அடச்சுட்டுத்தானே போனேன், அதக் காலால எடுத்துட்டியா நீ? கொலுசாம் கொலுசு! அந்தாளு ஒரு எட்டு உள்ள வந்து பாத்திருந்தா? காட்டுல ஆத்தாவ விட்டுட்டுக் கத்திக்கிட்டு நின்ன மான்குட்டிய ஆட்டுப்பால் ஊத்தி வளத்தேன். எவனும் சுட்டுடக் கூடாதுன்னு மணி கட்டுனேன். நீ என்னடி பண்ண? அத ஆட்டிக்கிட்டே போயி, வாங்க வாங்க எங்க வீட்டுல சாப்பாடுன்னு காட்டையே கூட்டியாந்துட்ட! உனக்குன்னு ஆசையா காட்டோரம் பயறு போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். அதத் தின்னு ருசி கண்டுதானே அத்தனையும் கத்திரிக்கு வந்துச்சு. நாளைக்கு அந்தப் பயத்தஞ்செடி அத்தனையும் நானே புடுங்கிடுவேன். அந்தியானா உனக்கு அடுப்பங்கரையில கட்டு. மொறைக்காத!

யாரு அது, ஓடைக்கரையில? ஏங்க, நீங்களா? லூர்து டிங்கி வந்துடுச்சா? காய் அத்தனையும் வித்துப் போச்சா?

ஆமாங்க, வந்தாரு. வந்துட்டுப் போய்ட்டாரு. ஒரு மானும் வரலைங்க! நான் பேசுனேன், ஒண்ணுகூட வரல! தெனமும் அந்தியில நானே பரண்ல ஒக்காந்துக்கறேன். காசு குடுத்துத் துப்பாக்கி எதுக்கு, என் வாயிருக்கும்போது? நீங்க ஒண்ணும் மில்லுக்குப் போக வேணாம், கத்திரிய நான் பாத்துக்கறேன்!

ஏன் கரையிலயே நின்னுட்டீங்க? இங்க வந்து ருக்குவப் பாக்கத் தெம்பில்லையா? மணி கட்டுனதச் சுடுன்னு அந்தாளுகிட்டச் சொல்லும்போது மட்டும் இருந்துச்சா?

…ஏங்க. அழுவாதீங்க. அய்யோ, அந்த லூர்து முன்னாடி போயி… மேல ஏறி வாங்க. உசுரோடத்தான் இருக்கா. அடுப்பங்கரையில கட்டிப் போட்டிருந்தேன். உங்க புதுத் துண்டுதான் இல்ல, தின்னுட்டா.