பார்க்கிங்கில்தான் நின்றது

வண்டியை நிறுத்தி இறங்கியதும் நாலடி நடந்து ஒருமுறை திரும்பிப் பார்ப்பது என் பழக்கம். கதவு சாத்தியிருக்கிறதா, விளக்கு அணைந்திருக்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் சிரித்தார்கள்.

ஆய்வாளர் ஐயா, அத்தான் எங்கள் வீட்டு கேட்டில் நசுங்கி இறந்தது பற்றித் தங்கள் வண்டிப் பரிசோதகர் எழுதிய அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. வண்டியின் பார்க்கிங் பூட்டு, அதாவது கியரைப் பார்க்கிங்கில் போட்டால் சக்கரத்தை உருளவிடாமல் பிடிக்கும் பூட்டு, நல்ல நிலையில் உள்ளது என்று அதில் எழுதியிருக்கிறார். ஆகவே ஓட்டியவரே கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று முடித்திருக்கிறார். இரண்டும் தவறு. அவற்றைத் திருத்தவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லாமல் முடிவை எழுதக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பழகியவன் நான். அதனால் முதலிலிருந்து வருகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வண்டி அவருடையது. புதிது ஒன்று வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினார். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மச்சான், வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். அவர் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். வாங்கிக்கொள்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்சை மிதிக்கும் வேலை கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும் என்றார். மாறவேண்டிய நேரத்தில் மாறுமா என்பதை அவர் சொல்லவில்லை.

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி வேகம் பிடிக்காது. பிறகு பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் ஒரு குலுக்கல். மேடு ஏறினால் கருகிய வாடை வரும். முதல் வாரமே அத்தானிடம் சொன்னேன். "நீ மிதிக்கிற மிதிக்கு எதுவா இருந்தாலும் குலுக்கத்தான் செய்யும். பூ மாதிரி மிதிக்கணும் மச்சான்" என்றார். அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். அவன் அளவுக்குச்சியை உருவி, கியர் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து, கறுத்துப்போயிருக்கிறது, மாற்றினால் நல்லது, மாற்றாவிட்டாலும் ஓடும் என்றான். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. வேறொரு பட்டறையில் விசாரித்தேன். பழைய கியர் பெட்டியில் புது ஆயில் ஊற்றினால் இருக்கிற பிடிப்பும் போய்விடலாம் என்றார்கள். ஆகவே மாற்றவில்லை. அதோடு, மாற்றிய பிறகு குலுக்கல் நின்றுபோனால் அத்தான் முகம் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்தேன்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து கேட்வரை சரிவு. வண்டியை உள்ளே ஏற்றினால் மூக்கு வீட்டைப் பார்க்கும், பின்புறம் கேட்டைப் பார்க்கும். ஒருநாள் மாலை காய்கறிப் பையோடு இறங்கி நாலடி நடந்து திரும்பினேன். வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. கேட்டருகே என் மகள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தியதும் சுவரோரம் தாவிவிட்டாள். கேட் வளைந்தது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நான் பார்க்கிங்கில்தான் போட்டிருந்தேன். அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என் மனைவி மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கியர்க் கம்பி நியூட்ரலில் இருந்தது. கேட்டில் மோதிய அதிர்ச்சியில் அது இடம் மாறியிருக்கும். யாருக்கும் புரியக்கூடிய விஷயம் இது. அவளுக்குப் புரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டிருக்கலாமே என்று கேட்டாள். அதன் கம்பிவடம் அத்தான் காலத்திலேயே தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் நானா பொறுப்பு?

அத்தான் வந்து பார்த்தார். வளைந்த கேட்டைத் தடவிக்கொடுத்தார். "நியூட்ரல்ல விட்டுட்டு வண்டியைக் குறை சொல்றியே. அது வாயில்லா ஜீவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. பழுதான தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை என்று அலுவலகங்களுக்கு நான் கடிதம் போடுவது வழக்கம். அதனால் அத்தான் எனக்கு வைத்திருந்த பெயர் கடுதாசி. "கேட்டுக்கு முன்னாடியே ஒரு கடுதாசி எழுதிப் போட்டிருந்தா அது வழிய விட்டு ஒதுங்கியிருக்குமே" என்றும் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டின் பேச்சு வழக்காகிவிட்டது. குழாயை மூடினீர்களா, இல்லை நியூட்ரலில் விட்டுவிட்டீர்களா என்று மனைவி கேட்பாள். தொலைபேசியில் அக்கா எடுத்தவுடன் கேட்பாள். உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் அத்தான் நடித்தே காட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு நான் நடப்பது, திரும்புவது, வாயைப் பிளப்பது. என் நடையை நன்றாகவே கவனித்து வைத்திருந்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதையும் நடித்துக் காட்டுவார்.

பிறகு ஒருநாள் காலை நான் சாவியை எடுத்தபோது மகள் வாசலிலேயே நின்றாள். "நான் பஸ்லயே போறேன்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன், கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

நான் ஒரு மரக்கட்டையைச் சரிவாக அறுத்து, மஞ்சள் வண்ணம் அடித்து, இழுப்பதற்கு வாகாகக் கயிறு கோத்தேன். வண்டியை நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு அதை முட்டுக் கொடுப்பேன். எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனேன். வேலை பார்க்கும் கிடங்கில் காவலாளி ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தார், பிறகு பழகிவிட்டார். முட்டுக் கொடுத்த நாள் எதிலும் வண்டி உருளவில்லை. கட்டை இருந்ததால்தான் உருளவில்லை என்று நான் சொன்னால், உருளாத வண்டிக்குக் கட்டை எதற்கு என்று அத்தான் கேட்பார். இப்படி ஒரு மனிதரோடு எதைப் பேசித் தீர்ப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கை கழுவும்போது என் மனைவி சொன்னாள்: "அண்ணா, நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாத்து இவருக்குச் சொல்லிட்டுப் போங்க. கட்டையைக் கட்டிக்கிட்டு அலையறாரு, வெளிய தலை காட்ட முடியல." என் எதிரிலேயே சொன்னாள்.

அத்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளைப் பார்த்து, "வா செல்லம், மாமா ஓட்டுறேன், பயப்படாத" என்றார். அவள் ஒரே தாவில் ஏறினாள். சந்தைச் சாலை, பாலம், தண்ணீர்த் தொட்டி மேடு என்று சுற்றினோம். வண்டி ஒருமுறைகூடக் குலுக்கவில்லை. கருகிய வாடை இல்லை. பழைய எஜமானைக் கண்ட நாய்போல வாலைக் குழைத்துக்கொண்டு போயிற்று. நான் கியரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். இதோ இப்போது, இதோ இந்தத் திருப்பத்தில் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "மாமா ஓட்டினா குலுக்கவே இல்லப்பா."

அத்தான் என் தொடையில் லேசாகத் தட்டினார். அவ்வளவுதான் செய்தார். அந்தத் தட்டலைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சரிவில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். செய்தி சொல்ல மகள் உள்ளே ஓடினாள். நான் பழக்கப்படி கட்டையோடு பின்சக்கரத்துக்குப் போனேன். அத்தான் இறங்கி வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பூந்தொட்டிப் பக்கம் வீசினார். "எஞ்சின் ஓடட்டும். கதவும் திறந்தே இருக்கட்டும். நான் போய் கேட்டைச் சாத்திட்டு வர்றேன். வண்டி ஒரு அங்குலம் நகர்ந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். அன்று வளைந்ததிலிருந்து எங்கள் கேட் தரையில் உரசும். தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் தூக்கித்தான் நகர்த்தவேண்டும். முதுகு வண்டிப் பக்கமாகத்தான் இருக்கும்.

பிறகு நடந்ததில் பெரும்பகுதியைத் தாங்களே வந்து பார்த்தீர்கள். கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இடம் குறைவு.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தலைதலையா அடிச்சுக்கிட்டியே தம்பி. நாங்கதான் காதுல போட்டுக்கல" என்றாள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அதையே திரும்பவும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒரு மனிதன் சொன்ன சொல்லை அவன் வீட்டார் நம்புவது சின்ன விஷயமில்லை.

அப்போதுதான் தங்கள் அறிக்கை வந்தது. கணவரே நியூட்ரலில் விட்டுவிட்டார் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ பூட்டு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். மடித்த தாளை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, "அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து போய், மகள் தூங்கும் அறையில் படுத்துக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். செத்த பிறகும் அவர் பேச்சுதான் எடுபடுகிறது. வண்டியை நேரில் ஓட்டாத ஒருவர், கையொப்பமும் முத்திரையும் போட்டு, அதே வார்த்தையை என் வீட்டு மேசையில் வைக்கிறார்.

ஆகவே உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அத்தான் நியூட்ரலில் விடவில்லை. பார்க்கிங்கில்தான் போட்டுவிட்டு இறங்கினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் கேட்டை நோக்கி நடந்தபோது நான் ஓட்டுநர் கதவருகே நின்றேன். வண்டி தானாக உருளும் என்று காத்திருந்தேன். அதற்கு நியாயம் இருந்தது. உருளவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினேன். உருளவில்லை. முன்பக்கம் போய் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினேன். கொஞ்சம் ஆடியது, நின்றுவிட்டது. கேட்டைத் தூக்கிக்கொண்டிருந்த அத்தான் திரும்பாமலே கேட்டார்: "என்ன கடுதாசி, நிக்குதா?"

"நிக்குது அத்தான்" என்றேன். என் வாயாலேயே சொல்லவைத்தார்.

அதன் பிறகு கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் கியர்க் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பிரேக்கை மிதித்தால்தான் கம்பி அசையும் என்கிற தடுப்பு இந்தப் பழைய வண்டியில் கிடையாது. அவர் அங்கே முதுகைக் காட்டி நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். கத்தியிருக்கலாம். மகளுக்காக அன்று கத்தினேன், இவருக்காகக் கத்தவில்லை. நாலடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

என்னைத் தாங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம், மறுப்பு இல்லை. ஆனால் பரிசோதகரின் முடிவு தவறு என்று இப்போது தெரிந்துவிட்ட நிலையில், பூட்டு நன்றாக இருந்தது என்று அவர் எழுதியதும் தவறாகத்தானே இருக்கவேண்டும். கியர் பெட்டியை வேறொரு ஆளை வைத்து மறுபடி பிரித்துப் பார்க்கவும். முடிவை என் மனைவிக்கு எழுத்தில் தெரிவிக்கவும். அந்தக் கம்பி என் இரண்டு விரலுக்கே வந்துவிட்டது, ஐயா. நல்ல கியராக இருந்தால் அவ்வளவு சுலபத்தில் வராது.