கோட்டைக்குளத்துப் பெட்டி

திருப்பதிக் காப்பியில் சிக்கரி கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை ஐயா. ஸ்டேஷனில் பிடித்து வைத்த ஆளுக்குக் காப்பி கொடுப்பதே பெரிய விஷயம். என் பெயர் வேதாச்சலம். நகரிக்குக் கிழக்கே கோட்டைக்குளம்தான் எங்கள் ஊர். கேட்டதற்கு நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் குளத்தின் நடுவில் ஆழமான கல் கிணறு ஒன்று முங்கிக் கிடக்கிறது. ஹைதர் படை வந்தபோது பாளையக்காரர் நகைப்பெட்டியை அதில் இறக்கிவிட்டு ஓடினார் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக யாரும் அதைத் தேடவில்லை. எல்லைக்கோடு மாறுகிறது, ஏப்ரல் முதல் தேதி குளம் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லாருக்கும் அதன்மேல் பக்தி வந்தது.

மேற்குக் கரையில் ஆந்திரா பட்டாளம் கூடாரம் அடித்தது. கிழக்குக் கரையில் மெட்ராஸ் பட்டாளம். காலையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பியூகிள் ஊதுவார்கள். அவன் நிறுத்தாமல் இவன் நிறுத்தமாட்டான். எங்கள் எருமைகள் பாலை அடக்கிக்கொண்டன. மெட்ராஸ்காரர்கள் கப்பல் படையில் இருந்த ஒரு முக்குளிப்பவனைப் பித்தளைத் தலைக்கூண்டோடு வரவழைத்திருந்தார்கள். கோடு மாறும்வரை அவன் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. அதனால் கூண்டைத் துடைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆந்திரா பக்கத்துக்கு முங்க வந்தவர் என் அக்கா புருஷன் கோவர்த்தனன். யுத்தத்தில் தரைப்படையோடு பர்மாவுக்குப் போய், ஆற்றுக்கடியில் இறங்கிப் பாலத்துக்கு வெடி வைத்தவர். அவருக்குக் கூண்டு கிடையாது. மூச்சுதான்.

"யோவ் பட்டாளம், தண்ணிக்குள்ள மார்ச் பண்ணிக்கினு போவியா?" என்று அக்கரையிலிருந்து கத்துவான் கூண்டுக்காரன்.

"நீ மொதல்ல அந்த அண்டாவக் கழட்டுடா. உள்ள பொங்கலு வெந்துக்கினு கீதா?" என்பார் மாமா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கிணற்றில் இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அக்காள் தாலியை எவனும் அறுக்கமாட்டான் அல்லவா? ஆந்திரா பட்டாளத்து ஜமேதார் தன் ஆட்களில் வாட்டசாட்டமான இரண்டு பேரைக் காட்டினார். "அவுங்க வாணா சார். மச்சான் புடிச்சாத்தான் எறங்குவேன்" என்றுவிட்டார் மாமா.

இறங்குகிறவர் இடுப்பில் கல் கட்டியிருக்கும். அந்தக் கனத்தோடு தானாக மேலே வர முடியாது. அவர் கயிற்றைச் சுண்டினால் தெப்பத்தில் இருந்து நான் இழுக்க வேண்டும். பெட்டிக்குத் தனிக் கயிறு. அதைக் கரையில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற கவலை மாடுகள் இழுக்கும். முதலில் ஆளை எடுக்க வேண்டும், பிறகுதான் மாட்டுக்காரனுக்குக் கை காட்ட வேண்டும். கஷ்டமான வேலை இல்லை.

மார்ச் கடைசி நாள் காலையில் மாமா உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சித்தப்பா பழனி சைக்கிளில் வந்தார். முந்தின நாள் அக்கா அம்சவேணிக்குப் பிரசவ வலி கண்டதும் மாட்டு வண்டியில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர்தான். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்சா பூட்டாடா. வழியிலயே ரத்தம் நிறைய பூட்ச்சி. பொட்டப்புள்ள. அது நல்லா கீது."

"மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன் சித்தப்பா. நீ போயி எதனா துன்னு" என்றேன்.

தண்ணீரில் இறங்கப்போகிறவனிடம் துக்கம் சொன்னால் அவனால் மூச்சை அடக்க முடியாது. அதனால் சொல்லவில்லை. தெப்பத்தில் ஏறும்போது, "பழனி இன்னாத்துக்கு வந்தாரு?" என்று கேட்டார்.

"இன்னும் வலி எடுத்துக்கினுதான் கீதாம் மாமா."

சிரித்தார். "பொண்ணு பொறந்தா உனுக்குத்தான்டா மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதலில் பெட்டிக் கயிறு இறுகியது. பிறகு மாமா தன் கயிற்றைச் சுண்டினார். எனக்கு அப்போது ஒன்று தெளிவாகத் தோன்றியது. அக்கா இல்லை. அறுப்பதற்குத் தாலியும் இல்லை. இனி நான் இவருக்கு மச்சானும் இல்லை. வழக்கம் என்னைக் கட்டாது. மாட்டுக்காரனுக்குக் கை காட்டினேன். பெட்டி நகர்ந்தது. இரண்டு கரையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் மாமாவின் கயிறு தூண்டிலில் மாட்டிய விரால்போலத் துள்ளியது. நான் அதை விடவில்லை. இழுக்கவில்லை, அவ்வளவுதான். துள்ளல் அடங்கியதும் எடுத்தேன்.

பெட்டி நிறையத் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள். அதுவரை குளம் எங்களுடையது என்று சொன்ன இரண்டு பட்டாளமும், குளம் அவர்களுடையது என்று எதிர்க்கரையைக் காட்டின. பிணத்துக்கும் அதே பேச்சுதான். கூண்டுக்காரன் மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டி நீந்தி வந்து, மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பெண்டாட்டியைத் தனியே அனுப்பிவிட்டுப் பெட்டிக்கு இறங்கியவனுக்கு இதுதான் சரி என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். நீங்கள் எழுதுவதால் முழுதாகவே சொல்கிறேன்.

முந்தின நாள் வண்டி கட்டியதும் மாமா ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பெட்டி கெடந்துட்டுப் போவுது. ஏறு மச்சான், நாம ரெண்டு பேரும் அம்சாகூடப் போவலாம்" என்றார். கையைப் பிடித்துக் கீழே இறக்கியது நான்தான். "மொதப் பிரசவம் மாமா, ரெண்டு நாளு இழுக்கும். நாளைக்கி உட்டா கோடு மாறிடும்" என்றேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவன் சொல்றதும் செரிதான், நீ இரு" என்றாள்.

மேலே வந்ததும் மாமா முதலில் அவளைத்தான் கேட்பார். நான் சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்டால் அவர் தாங்கமாட்டார் ஐயா. ரொம்ப இளகின மனசு. அதற்காகத்தான்.