தம் கட்டக் கூடாது

அம்சா: மூச்சு விடுய்யா! மறுபடியும் தம் கட்டுற பாரு.

கண்ணையன்: தம் கட்டாம எப்டிடி இடுப்பத் தூக்குறது? கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து மூட்டைக்கு அடியில தம் கட்டித்தான் நின்னுகினு இருக்கேன்.

அம்சா: அதான் இப்ப பாயில கெடக்குற. ஆஸ்பத்திரியில பயிற்சி சொல்லிக் குடுத்த அக்கா இன்னா சொன்னாங்க? தொப்புள முதுகெலும்புப் பக்கம் உள்ள இழு. மூச்சு பாட்டுக்கு வந்துகினு போய்கினு இருக்கணும். எங்கூட பேசிகினே பண்ணு, அப்பத்தான் தம் கட்ட முடியாது.

கண்ணையன்: பேசணுமா? ஆங்... உன் தம்பி கிருஷ்ணன் எங்க?

அம்சா: இன்னா திடீர்னு? உனுக்குப் பதிலா வெல்ல மண்டியில மூட்டை தூக்கிகினு இருக்கான். வயிறு தளந்துபோச்சு, இழு.

கண்ணையன்: ஒரு நாளாச்சும் சோத்துக்கு வந்தானா?

அம்சா: ஆடிக் கிருத்திகை வருதுல்ல. லாரி மேல லாரி வந்து நிக்குது. அங்கியே துன்றான், அங்கியே தூங்குறான்.

கண்ணையன்: ஒருத்தன் படுத்துட்டா அவன் வீட்டாளு வந்து நின்னாத்தான் எடம், இல்லாங்காட்டி அடுத்தவனுக்குன்னு தங்கவேல் மேஸ்திரி கறாரா சொல்வாரே. மச்சான வீட்டாளுன்னு ஒத்துகினாரா?

அம்சா: ஒத்துகினாரு, ஒத்துகினாரு. எறக்கு... மெதுவா. இப்ப திரும்பி நாலு கால்ல நில்லு.

கண்ணையன்: மாடு மாதிரி.

அம்சா: மாடு தேவல, சொன்னா கேக்கும். வலது கைய முன்னால நீட்டு, இடது கால பின்னால நீட்டு. முதுகு மேல சொம்புத் தண்ணி வச்சிருக்கேன். சிந்துச்சு, சோறு கெடையாது.

கண்ணையன்: மூட்டை இழுக்குற என் கொக்கி எங்கடி? ஆணியில காணோம்.

அம்சா: தம்பி எடுத்துகினு போனான்.

கண்ணையன்: சும்மாட்டுத் துணி?

அம்சா: அதுவும்தான்.

கண்ணையன்: அப்ப கொடியில ஈரமா தொங்குறது?

அம்சா: ...தோய்க்கக் குடுத்தான். ஆடாத! தளும்புது பாரு.

கண்ணையன்: நான் ஆடல. சொம்பப் புடிக்கிற உன் கைதான் முதுகுல சொரசொரன்னு உரசுது. காட்டு அத... பூ கட்டப் போறேன்னு போறியே, பூ கட்டுற கையா இது? கோணி தேச்ச கை.

அம்சா: நாரும் அறுக்கும்யா.

கண்ணையன்: நாளைக்கு நான் மண்டிக்குப் போறேன்.

அம்சா: போவ! கால் மரத்துப்போய் செவுத்தப் புடிச்சுகினு கக்கூசுக்குப் போனது மறந்துபோச்சா? இன்னொரு வாட்டி இடுப்பு புடிச்சுகினா ஆப்ரேசன்தான்னு டாக்டர் சொல்லல? அவங்க தூக்குன்னு சொல்ற வரைக்கும் நீ மூட்டையத் தொடக் கூடாது.

கண்ணையன்: எடம் போயிடும்டி.

அம்சா: போவாது. நான் சொல்றேன்ல... போவாது.

கண்ணையன்: சரி, சொம்ப எடு. ...கீழ வைக்க ஏன் குனிய மாட்டேங்குற?

அம்சா: இன்னா?

கண்ணையன்: செவுத்துல சாஞ்சிகினு நிக்கிற. இடுப்புல கை.

அம்சா: நாளெல்லாம் உக்காந்து பூ கட்டுனா இடுப்பு வலிக்காதா?

கண்ணையன்: நீ பாயில படு.

அம்சா: யாரு, நானா? அடுப்புல ஒலை கொதிக்குதுய்யா...

கண்ணையன்: கொதிக்கட்டும். நேத்து உனுக்குத் தெரியாம மண்டி வரைக்கும் நடந்து வந்தேன். என் கொக்கிய இடுப்புல சொருவிகினு, வெல்ல மூட்டைக்கு அடியில தம் கட்டி நீ எழுந்தத பாத்தேன். கூப்புடாம திரும்பிட்டேன். ...படுடி. முட்டிய மடக்கு. தொப்புள உள்ள இழு. ...பேசு அம்சா. எதுனா பேசிகினே பண்ணு.