முன்னால் போகிறவனின் கால்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், இரண்டு தட்டு இட்லியும் ஒன் பை டூ காபியும் சாப்பிட்டுவிட்டு, அதே வழியாகத் திரும்பி வருகிறவர்களை உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். அதில் ஆச்சரியம் இல்லை. பெங்களூர் அடுகோடியில் என் கடைக்கு எதிரே இஸ்திரி போடுகிறவரும் பல வருஷமாக என்னிடம் அதையேதான் கேட்கிறார்.

"வேலையும் இல்ல, சொந்தக்காரங்களும் இல்ல. சும்னே போயி சும்னே வர்றதுக்கு எதுக்கு ரீ இவ்ளோ பெட்ரோல்?" என்று நேற்று நீங்கள் கன்னடம் கலந்து கேட்டபோது போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நடந்தத தமிழ்லயே எழுதுங்க. நான் ஓசூர்ல படிச்சவன், படிச்சுக்கறேன்" என்றீர்கள். கோவிந்தப்பா சார், உங்களுக்கு வேண்டியது சாட்சி சொல்லும் நாலு வரி. நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். ரோட்டில் கொள்ளுச்செடியைப் பரப்பி ஒரு ஆளின் சாவுக்குக் காரணமானான் என்று அந்தக் கிராமத்து விவசாயியைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி வாசலில் நிற்கிறாள். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அந்த மனிதரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஞானசேகரன். வயது முப்பத்தொன்பது. வீடு நீலசந்திராவில், புல்லட் மெக்கானிக் கடை அடுகோடியில். காலை ஒன்பது மணியிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா கூப்பிடுவாள், தண்ணீர் லாரிக்காரன் கூப்பிடுவான். வண்டி ஓட்டும்போது ஒருத்தரும் கூப்பிட முடியாது. கனகபுரா ரோட்டில் கடைசி சிக்னலைத் தாண்டியதும் தோளிலிருந்து ஏதோ இறங்கும். ஐம்பதில் போகும்போது புல்லட்டுக்கு ஒரு தாளம் வந்துவிடும். அதற்கப்புறம் கையும் காலும் தானாக வேலை செய்யும், மனசு காலியாகிவிடும். அந்த நேரத்தில் நான் யாருடைய பிள்ளையும் இல்லை, யாருடைய அண்ணனும் இல்லை. குடிக்கிறவன் குடித்துவிட்டுத் தேடுவதை நாங்கள் ஓட்டித் தேடுகிறோம். ஊருக்குப் போகிறவனுக்கு ஊர் வந்துவிட்டால் வண்டி போதும். எங்களுக்கு ஊர் வருவதுதான் தொல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். முன்னால் போகிறவன் சுனில். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை, வாய் கொள்ளாத சிரிப்பு, பார்க்கிறவரை எல்லாம் குரு என்பான். என் கடைக்கு வண்டி விட வந்த இடத்தில் அவன்தான் என்னைக் கூட்டத்தில் சேர்த்தான். கிரீஸ் கையோடு நிற்கிற மெக்கானிக்கை யாரும் அப்படிக் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஜூடித் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர், எங்களில் ஒரே பெண். மற்றவர்கள் இந்த விஷயத்துக்கு வேண்டியதில்லை.

குறுகலான ரோட்டில் ஒற்றை வரிசையாகத்தான் போவோம். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் எவனுக்குக் கேட்கும்? அதனால் எங்களுக்குக் கால்தான் பேச்சு. இடது பக்கம் பள்ளமோ மணலோ இருந்தால் முன்னால் போகிறவர் இடது காலை வெளியே நீட்டுவார். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத் தானும் நீட்ட வேண்டும். அவரைப் பார்த்து அவருக்குப் பின்னால் வருகிறவர். கடைசி வண்டி வரைக்கும் சேதி இப்படியே போய்ச் சேரும். பழைய புல்லட்டில் பின்பிரேக் இடது காலில் இருக்கும். நீட்டினால் பிரேக்கை விட வேண்டும். அதனால் ஒரு நொடிதான் நீட்டுவோம், உடனே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியை நம்பித்தான் பின்னால் வருகிறவன் உயிர்.

என் தம்பி கௌதமன். அப்பா பௌத்த சங்கத்தில் இருந்தவர், அவர் வைத்த பெயர். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அப்பா போன பிறகு நான்தான் அவனைப் படிக்க வைத்தேன். டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்த மறு மாதமே, "நானும் வரேண்ணா, அப்பிடி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்றான். என்னுடைய இன்னொரு வண்டியைத் தயார் செய்து கொடுத்தேன். கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். "ரோட்டப் பாக்காத, மரத்தப் பாக்காத. என் கால மட்டும் பாரு." அவன் சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அது 2001 ஜனவரி. சுனில் முன்னால், நான் இரண்டாவது, கௌதமன் மூன்றாவது, ஜூடித் நான்காவது. கனகபுரா ரோட்டிலிருந்து பிரிந்து போகிற ஒரு கிளை ரோட்டில், ஏரியைச் சுற்றி வலது பக்கமாக வளையும் இடம். உங்கள் எல்லைதான், உங்களுக்கே தெரியும். தை மாதத்தில் அங்கே கொள்ளு அறுவடை. தனியாகக் களம் இல்லாதவர்கள் அறுத்த செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்துக் கொள்ளைப் பிரித்துக் கொடுக்கும். நாலு சக்கரத்துக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்கு அது எண்ணெய் கொட்டிய தரை. வளைவு முடிகிற இடத்தில் இடது பாதி முழுக்கப் பரப்பியிருந்தார்கள். சுனில் வலது பக்கம் ஒதுங்கிப் போனான். அவன் பின்சக்கரம் ஒதுங்கிய தடத்திலேயே என் வண்டியும் போய்விட்டது. கௌதமன் நேராக அதற்குள் போனான். கல்வெர்ட்டு சுவரில் தலை. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. ஜூடித் வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்து நின்றாள், அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.

கல்பள்ளி இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவனுக்கு முன்னாடி நீதானடா போன?" சுனில்தான் முன்னால் போனான், அவன் காலை நீட்டவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. அதுவரை இது விதி என்று அழுதுகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அழவில்லை. இரண்டு வருஷம் சரியாகத் தூங்கவும் இல்லை.

ஜூடித் ஒருநாள் கடைக்கு வந்தாள். "சுனில் கால நீட்டினாரு, ஞானா. வளைவுல எனக்கு முன்னாடி இருந்த மூணு வண்டியும் தெரிஞ்சுது. நான் பாத்தேன்" என்றாள். நல்ல பெண். யார் மேலும் பழி வரக்கூடாது என்று நினைக்கிற சுபாவம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சுனிலும் வீட்டுக்கு வந்தான். அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதான். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரி குரு. கால இன்னும் கொஞ்ச நேரம் நீட்டி வெச்சிருக்கணும்" என்றான். கவனியுங்கள் சார். தப்பே செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்? எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. வீட்டுக்குக் கீழே உறை போட்டு மூடிவிட்டான். இதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஓட்டாதவனை நான் என்ன செய்வது? கத்தி, கட்டை என்பதெல்லாம் எனக்கு வராது. என் தம்பி எப்படிப் போனானோ அப்படித்தான் அவனும் போக வேண்டும் என்று நினைத்தேன், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆகவே அவனை மறுபடி ஓட்ட வைத்தேன். அதற்கு எட்டு மாதம் பிடித்தது.

முதலில் வண்டி வீணாகிறது என்று சொல்லி கடைக்கு எடுத்து வந்தேன். இன்ஜினைப் பிரித்து மாட்டினேன். இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் கட்டை போட்டேன். உங்கள் ஆட்கள் வண்டியைச் சோதித்தால் ஒரு குறையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பிரேக் கேபிளைத் தளர்த்தி விடுகிற ஈனத்தனத்தை என் கையால் செய்ய மாட்டேன், அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். அப்புறம் தெருவுக்குள் ஓட்டச் சொன்னேன், அப்புறம் ரிங் ரோடு. பயம் வரும்போதெல்லாம் கூடவே இருந்தேன். "கௌதமனே இருந்தா நீங்க ஓட்டணும்னுதான் சொல்லியிருப்பான்" என்றேன். அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூட்டத்தில் எல்லோரும் என்னைக் கும்பிடாத குறை. தம்பியைப் பறிகொடுத்தவனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.

இந்த வருஷம் ஜனவரி பிறந்ததும் மூன்று ஞாயிறு நான் தனியாக அந்த ஏரி வளைவுக்குப் போய் வந்தேன். மூன்றாவது ஞாயிறு செடி அறுத்து வயலில் கிடந்தது. எப்போது ரோட்டில் போடுவீர்கள் என்று அந்த விவசாயியிடமே கன்னடத்தில் விசாரித்தேன். "சனிக்கிழமை சாயங்காலம் போடுவோம், பார்த்து வாங்க" என்று சொன்னார். நல்ல மனிதர். எச்சரித்திருக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் இந்தப் பயணத்தைச் சொல்லவில்லை. பின்னால் வருகிற ஜூடித்துக்கோ வேறு யாருக்கோ அடிபட்டுவிடக் கூடாதே. நாங்கள் இரண்டே பேர். சுனிலின் மனைவி கிருத்திகா, கோயம்புத்தூர்ப் பெண், ஆறு மாதக் கைக்குழந்தையோடு கேட் வரைக்கும் வந்தாள். "அண்ணா, நீங்க முன்னாடி போறதாலதான் இவர அனுப்பறேன்" என்றாள். நான் கவலைப்படாதே என்றேன். சுனிலிடம் திரும்பி, "ரோட்டப் பாக்காதீங்க, என் கால மட்டும் பாருங்க" என்றேன்.

ஏழு மணிக்கு ஏரி வளைவுக்கு வந்தோம். அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தோம். பரப்பியிருப்பது எனக்கு முதலிலேயே தெரியும், வலது ஓரத்தில் ஒரு முழ அகலம் தார் தெரிந்தது, அதில் போனேன். என் இடது கால் பிரேக் மேலேயே இருந்தது. அதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. நூறடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டுவிட்டு நடந்து வந்தேன்.

அவனுக்கு நினைவு இருந்தது. தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "நா பாத்துட்டேதான் இருந்தேன் குரு. கண்ணயே எடுக்கல. கால் வரல" என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான். கௌதமனும் இதையேதான் சொல்லியிருப்பான், அவனுக்கு வாய் திறக்க நேரம் இல்லை. கிருத்திகாவுக்கு நான்தான் போன் செய்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி, இரண்டு வருஷத்துக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

இதுவரை எழுதியதை நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். அந்த விவசாயியை அனுப்பிவிட்டீர்கள், நன்றி. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போயிருக்கிறது, அதையும் எழுதிக் கையெழுத்துப் போடு என்றீர்கள். முதல் விபத்தன்று சுனில் காலை நீட்டவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள்.

இதில் என்ன சந்தேகம் சார்? நான் அவனுக்கு நேர் பின்னால் இருந்தேன். நீட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், நானும் நீட்டியிருப்பேன், தம்பி பிழைத்திருப்பான். அந்த வளைவில் வலது பக்கம் ஏரி முழுக்கப் பனி எழும்பிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து நாரைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வளைவு தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தானாகப் போயிற்று. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, பின்னால் தம்பி வருகிறான் என்பதுகூட ஞாபகத்தில் இல்லை. ஆகவே சுனில் காலை நீட்டவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.